ராகு காலத்தில் ஒரு கை சீட்டு

பெண் பார்க்க வருகிறவர்கள் சரியாக நான்கு மணிக்கு வந்துவிட வேண்டும் என்று பெண்ணின் அப்பா அய்யாத்துரை தபால் கார்டில் எழுதிப் போட்டிருந்தார். நான்கு மணிக்கு வந்தால் கால் மணி நேரம் நலம் விசாரிப்பு. ஐந்து நிமிஷம் பெண்ணைப் பார்ப்பது. ஐந்து நிமிஷம் கேசரி. ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். அதற்குள் பேச்சை ஒரு வாய் தொடங்கிவிட்டால், அப்புறம் எவ்வளவு நேரம் பேசினாலும் தோஷமில்லை என்பது அவருடைய கணக்கு.

அவர்கள் தாராவிக்குள் விசாரித்து விசாரித்து வந்து சேர்ந்தபோது மணி நாலு முப்பத்து நாலு.

"பஸ் லேட்டாக்கும்?" என்று கேட்டார் அய்யாத்துரை. குரலில் குற்றம் தெரியக்கூடாது என்று பார்த்துக்கொண்டார்.

"பஸ்ஸெல்லாம் சரியாத்தான் வந்துச்சு அண்ணாச்சி. ரெண்டு பஸ்ஸ நாந்தான் விட்டேன்," என்றாள் மாப்பிள்ளையின் அம்மா பேராச்சி. "மாடி பஸ் வரட்டும்னு நின்னோம். மாடியில, முன்னால, கண்ணாடிகிட்ட எடம் கெடச்சுது. சனம் பூரா நம்ம காலுக்குக் கீழ போவுது. பொறவு சூனாபட்டி ரயில்வே கேட்டுல கொஞ்ச நேரம் போட்டுட்டான். அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு. மேலருந்து ரயில் பாத்தேன்."

அது 1964ஆம் வருஷம், ஆவணி மாதம். மழை விட்டும் விடாமலும் இருந்தது. பேராச்சிக்கு ஐம்பது வயது. திசையன்விளைப் பக்கத்திலிருந்து மகனுக்குப் பெண் முடிக்கப் பம்பாய்க்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. வரும் புதன்கிழமை ஊர் திரும்ப டிக்கெட் எடுத்தாயிற்று. மகன் இசக்கிப்பாண்டிக்கு டிராம்பேயில் எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலை ஒன்றில் ஃபிட்டர் வேலை. உயரமான ஆள். வாசலில் தலை இடிக்காமல் குனிந்து வந்தான்.

அய்யாத்துரை தோல் கிட்டங்கியில் மேஸ்திரி. ராகு காலத்தில் சுவரில் ஓர் ஆணி அடிக்க மாட்டார். கடிகாரத்தைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார், வந்தவர்களைப் பார்த்தார். கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்பைச் சொன்னார். "தங்கச்சி தப்பா நெனைக்கக்கூடாது. ஆறு மணி வரைக்கும் வந்த காரியத்தப் பத்தி ஒரு பேச்சு வேண்டாம். ராகு காலம் பாருங்க. பிள்ளையையும் அப்புறமாப் பாத்துக்கிடலாம்."

"சரிதான் அண்ணாச்சி. மழையில வந்திருக்கோம், காலாற இருக்கோம்," என்றாள் பேராச்சி.

பெண்ணை அப்புறமாகப் பார்ப்பது என்பது அந்த வீட்டில் சொல்வதற்குத்தான் சுலபம். பத்தடிக்குப் பன்னிரண்டடி ஒற்றை அறை. நடுவில் கயிறு கட்டி ஒரு பழைய நூல் சேலையைத் தொங்கவிட்டிருந்தார்கள். சேலைக்கு இந்தப் பக்கம் பாய், விருந்தாளிகள், வாசல். அந்தப் பக்கம் அடுப்பு, மூடி வைத்த கேசரிச் சட்டி, செண்பகவல்லி. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் இருந்த தூரம் ஒரு முழம்.

செண்பகவல்லிக்குப் பத்தொன்பது வயது. வாசல் வெளிச்சம் விருந்தாளிகள் பக்கம் இருந்ததால், இருட்டில் உட்கார்ந்திருந்த அவளுக்குச் சேலை வழியாக எல்லாரும் தெரிந்தார்கள். அவள் யாருக்கும் தெரியவில்லை. அவள் வந்தவர்களை ஒழுங்காகப் பார்த்து முடித்துவிட்டாள். இந்தச் சம்பந்தத்தில் அவளுக்கு ஒரு பெரிய இடைஞ்சல் இருந்தது. தரகர் முதல் நாளே சொல்லிவிட்டார்: பையன் இன்னும் மூன்று பேரோடு ஒரு ரூமில் இருக்கிறான், பெண்டாட்டியை வைத்துக் குடித்தனம் நடத்த அங்கே இடமில்லை, கல்யாணம் ஆனதும் பெண் மாமியாரோடு ஊரில் இருக்க வேண்டியது, பையன் வருஷத்துக்கு ஒரு தரம் லீவு போட்டு வந்து போவான். தாராவியில் பாதிப் பேர் வீட்டில் அப்படித்தான் நடந்தது. யாரும் அதை அதிசயமாக நினைக்கவில்லை. அய்யாத்துரையும் சரி என்று தலையாட்டியிருந்தார்.

செண்பகவல்லி பிறந்தது இந்த அறையில். ஊருக்கு ஒரே தரம், ஒன்பது வயதில் போயிருக்கிறாள். பதினெட்டு நாள் இருந்தாள். பதினெட்டு நாளும் எப்போது ரயில் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இங்கே அவளுக்கு வேலை இருந்தது. கரீம் பாட்சாவின் கவர் கம்பெனியில் தபால் கவர் ஒட்டி, நூறு நூறாகக் கட்டுப் போட வேண்டும். எண்ண மாட்டாள், கட்டின் கனத்தை விரலால் தொட்டே தொண்ணூற்றெட்டா நூறா என்று சொல்லிவிடுவாள். முதலில் இந்த மாப்பிள்ளை வேண்டாம் என்றுதான் இருந்தாள். கேசரியில் உப்பைக் கொட்டலாமா என்றுகூட ஒரு யோசனை ஓடியது.

ஆனால் இசக்கிப்பாண்டி உள்ளே வந்ததும் ஒரு காரியம் செய்தான். நனைந்த குடையை மூலையில் சாய்க்கப் போனவன், அங்கே மாவு டின் இருப்பதைப் பார்த்துவிட்டு, திரும்பிப் போய்க் குடையை வாசலுக்கு வெளியே வைத்தான். யாரும் சொல்லவில்லை. செண்பகவல்லி உப்பு டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டாள். ஆள் வேண்டும், ஊர் வேண்டாம். இதை யாரிடம் எப்படிச் சொல்வது?

நாலே முக்கால் ஆயிற்று. நலம் விசாரிப்பு தீர்ந்துவிட்டது. டீ குடித்தாயிற்று. கேசரி மங்கலப் பண்டம் என்பதால் தொடக்கூடாது. அய்யாத்துரை தோல் பதனிடுவதைப் பற்றிக் கொஞ்சம் சொன்னார். இசக்கிப்பாண்டி மரியாதையாகக் கேட்டான். பிறகு நாலு பேரும் மழையைப் பார்த்தார்கள்.

பேராச்சிக்குப் பொறுக்கவில்லை. கொண்டுவந்த துணிப் பையில் கையை விட்டு, ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டுச் சீட்டை எடுத்துப் பாயில் வைத்தாள்.

செண்பகவல்லியின் அம்மா ஆறுமுகத்தாய் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "மதினி, சீட்டா?"

"ஆமா மதினி. இவன் ரூமுக்குப் பக்கத்து ரூம் மராட்டிக்காரி பழக்கி விட்டுட்டா, ராத்திரி எனக்குப் படுக்கை அவகிட்டத்தான். இவன் காலையில போனா சாயந்தரந்தான் வாரான். நான் சொவத்த எத்தன நேரம் பாக்க? ரெண்டு பேர் இருந்தாப் போதும். ரொம்ப லேசு."

"ராகு காலத்துல..." என்று இழுத்தார் அய்யாத்துரை.

"ராகு காலத்துல நல்ல காரியந்தான் அண்ணாச்சி செய்யக்கூடாது. சீட்டாடறது நல்ல காரியமா?"

பேராச்சி ஆள் தேடினாள். அய்யாத்துரைக்கு ஆடத் தெரியாது. ஆறுமுகத்தாய் சீட்டைத் தொடமாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். இசக்கிப்பாண்டி சுவரோரமாக நகர்ந்து, "என்னய விடும்மா, மூணு வாரமாத் தோத்துட்டுத்தான இருக்கேன்," என்றான்.

பேராச்சி சேலைத் திரையைப் பார்த்தாள். திரைக்கு அடியில் மருதாணி போட்ட இரண்டு கால் விரல் தெரிந்தது.

"மதினி, அந்தப் பக்கம் யாரு இருக்கா?"

ஆறுமுகத்தாய் புருஷனைப் பார்த்தாள். ராகு காலத்தில் பெண்ணைப் பார்க்கக்கூடாது என்றால், பெண் இருக்கிறாள் என்று சொல்லலாமா? "யாருமில்ல மதினி," என்றாள்.

"அந்த யாருமில்லாததுக்குச் சீட்டு வெளையாடத் தெரியுமா?"

திரைக்கு அடியிலிருந்து, கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை மெதுவாக வெளியே வந்து, உள்ளங்கையை விரித்துக் காட்டியது.

ஆட்டத்தின் பெயர் பிகார் சாவ்கார். பம்பாயில் சின்னப் பிள்ளைகள் ஆடுவது. கட்டை இரண்டாகப் பிரித்து ஆளுக்கு இருபத்தாறு. முகம் பார்க்காமல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, மேல் சீட்டை ஆளுக்கு ஒன்றாக நடுவில் போட்டுக்கொண்டே வர வேண்டும். முன்னால் விழுந்த சீட்டின் எண்ணும் நீங்கள் போட்ட சீட்டின் எண்ணும் ஒன்றாக இருந்தால் குவியல் முழுவதும் உங்களுக்கு. ஏழு மேல் ஏழு, ராணி மேல் ராணி. அள்ளியதைக் கைக்கட்டுக்கு அடியில் சேர்த்துக்கொண்டு, அடுத்த சீட்டை நீங்களே போட வேண்டும். எல்லாம் ஒருவரிடம் சேர்ந்தால் அவர் சாவ்கார், அதாவது பணக்காரர். வெறுங்கையாக நிற்பவர் பிகாரி, பிச்சைக்காரர். யோசிக்க ஒன்றுமில்லை. கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். செண்பகவல்லி இதைப் பக்கத்து வீட்டு சைனப்போடு கம்பெனிச் சாப்பாட்டு இடைவேளையில் ஆயிரம் தரம் ஆடியிருக்கிறாள்.

முதல் ஆட்டம் பன்னிரண்டு நிமிஷத்தில் முடிந்தது. பேராச்சி சாவ்கார்.

ஆடும்போதே செண்பகவல்லி ஒன்றைக் கவனித்துவிட்டாள். பேராச்சி ஒவ்வொரு சீட்டு போடும் முன்பும் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். இழுத்து விடுகிற சாக்கில் மேல் சீட்டை ஒரு பார்வை, அடிச் சீட்டை ஒரு பார்வை. எது பொருந்துமோ அதை உருவிப் போட்டாள். இவ்வளவு தேர்ந்த கள்ள ஆட்டத்தை செண்பகவல்லி கம்பெனியில்கூடப் பார்த்ததில்லை. திரை வழியாக அது பட்டப்பகல் போலத் தெரிந்தது.

ஆனாலும் தோற்ற கை, பாயில் கிடந்த சீட்டுகளை ஒழுங்காகச் சேர்த்து, நான்கு பக்கமும் தட்டி, பேராச்சி பக்கம் நகர்த்தியது. ஆறுமுகத்தாய்க்கு நெஞ்சு குளிர்ந்தது.

"பாத்தீயளா," என்றாள் பேராச்சி. "தோத்தும் சீட்ட விட்டெறியல. பதுவிசா அடுக்கித் தருது. கொணம் நல்ல கொணம். நம்ம ஊருக்குத் தோதான கொணம்."

"தங்கச்சி, ராகு காலம்," என்றார் அய்யாத்துரை.

"நான் என்ன பேசிட்டேன் அண்ணாச்சி? சீட்டப் பத்தித்தான சொல்லுதேன்."

செண்பகவல்லிக்குச் சுருக்கென்றது. தோற்றால் நல்ல குணம். நல்ல குணமென்றால் ஊர். அப்படியானால் தோற்கக் கூடாது. இரண்டாவது ஆட்டத்தில் அவளும் அடியிலிருந்து உருவ ஆரம்பித்தாள். இருட்டில் இருந்ததால் முந்தானை வேலைகூடத் தேவைப்படவில்லை. தவிர, அள்ளிய குவியலின் வரிசை அப்படியே அவள் மனத்தில் நின்றது. நூறு கவரை வரிசை மாறாமல் கட்டுகிறவளுக்கு ஐம்பத்திரண்டு சீட்டு ஒரு பெரிய விஷயமா?

ஆறுமுகத்தாய் ஆட்டம் போகிற போக்கைப் பார்த்தாள். மகள் ஜெயிக்கப் போகிறாள். பெண் பார்க்க வந்த இடத்தில் மாமியாரை ஜெயித்த பெண் உலகத்தில் உண்டா? திரையைப் பார்த்து ஒரு தரம் இருமினாள். திரை காது கொடுக்கவில்லை. இரண்டு தரம் இருமினாள். பிறகு விடாமல் இருமினாள்.

"இருமலுக்கு சுக்கத் தட்டிப் போட்டு ஒரு கசாயம் வச்சிக் குடிங்க மதினி," என்றாள் பேராச்சி, சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஐந்தே காலுக்குச் செண்பகவல்லி சாவ்கார். பேராச்சி வெறுங்கையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். ஆறுமுகத்தாய் சம்பந்தம் முறிந்தது என்றே முடிவுகட்டி, கேசரியை யாருக்குக் கொடுப்பது என்று யோசிக்கத் தொடங்கியிருந்தாள்.

பேராச்சி தொடையில் தட்டிச் சிரித்தாள்.

"ஏ யம்மா. இப்படி ஒரு ஆளத்தான நான் தேடிட்டு இருக்கேன். இந்தப் பய ஆடுனா தூங்குதான். மராட்டிக்காரிக்கு சமையல் இருக்கு, பிள்ளை இருக்கு. ஊருக்குப் போனா அதுவும் கெடையாது. பொம்பள சீட்டத் தொட்டான்னு தெரிஞ்சா சந்தியில நின்னு சிரிப்பானுவ. இப்படி ஒரு ஆளு வீட்டோட இருந்தா, கதவச் சாத்திக்கிட்டு மத்தியானம் பூரா ஆடலாம். யாருக்குத் தெரியப் போவுது?"

"தங்கச்சி..."

"நான் பொதுவாச் சொல்லுதேன் அண்ணாச்சி."

திரைக்குப் பின்னால் செண்பகவல்லி கையில் இருந்த ஐம்பத்திரண்டு சீட்டையும் வெறித்துப் பார்த்தாள். தோற்றால் அடக்கமான மருமகள்; ஊர். ஜெயித்தால் ஆட்டத்துக்கு ஆள், அதற்கும் ஊர். பத்து நிமிஷத்துக்கு முன்னால் ஒரு கதவுதான் சாத்தியிருந்தது. கெட்டிக்காரத்தனமாக அவளே போய் இரண்டாவதையும் சாத்திவிட்டு வந்திருந்தாள்.

பேராச்சி சீட்டை வாங்கிக் கலைக்க ஆரம்பித்தாள்.

"அம்மா, மணி அஞ்சு இருவது. போதும்," என்றான் இசக்கிப்பாண்டி.

"இன்னும் நாப்பது நிமிஷம் கெடக்கு. ஒரு ஆட்டம் கால் மணி. நீ சும்மா இரு." பிரித்துப் போட்டுக்கொண்டே திரையைப் பார்த்துச் சொன்னாள்: "ஆனா ஒண்ணு. தொடங்கிட்டா முடிச்சிரணும். பாதி ஆட்டத்துல எந்திரிக்கிறது எனக்கு ஆகாது. போன புதங்கிழம உலை கொதிச்சிட்டுதேன்னு பாதியில எந்திரிச்சேன். அன்னைக்கு இவன் வேலையில வெரல நசுக்கிட்டு வந்து நிக்கான்."

"ஸ்பானர் வழுக்குச்சும்மா."

"ஏன் அன்னைக்கு வழுக்கணும்? பாதி ஆட்டத்த விட்டுட்டு ஒரு காரியத்துக்குக் கெளம்புனா அந்தக் காரியமும் பாதியிலதான் நிக்கும். இத நான் மூணு தரம் பாத்துட்டேன்."

திரைக்கு அந்தப் பக்கம் கண்ணாடி வளையல் ஒரு முறை குலுங்கி நின்றது. ஜெயிக்கவும் வேண்டாம், தோற்கவும் வேண்டாம் என்றால் மீதி என்ன இருக்கிறது? செண்பகவல்லி தன் பங்கு இருபத்தாறையும் எடுத்து, விரலால் ஒரு தடவு தடவிக்கொண்டாள்.

மூன்றாவது ஆட்டம் அப்படித் தொடங்கியது.

முதல் பத்து நிமிஷத்தில் பேராச்சி கை ஓங்கியது. செண்பகவல்லியிடம் ஒன்பது சீட்டு. அடியில் ஒரு எட்டு இருந்தது. எட்டு விழும் வரை காத்திருந்து உருவினாள். குவியல் அவள் பக்கம் வந்தது. அடுத்த பத்து நிமிஷத்தில் பேராச்சியின் கட்டு மெலிந்தது. திரை வழியாகக் கட்டின் கனத்தைப் பார்த்தே பதினொன்று என்று தெரிந்தது. கொஞ்சம் விட்டால் ஆட்டம் முடிந்துவிடும். அப்போது செண்பகவல்லியின் மேல் சீட்டு குலாம், அதாவது ஜாக்கி. கீழே கிடந்ததும் குலாம். போட்டால் அவளுக்கு. அதைப் போடாமல் அடியிலிருந்து ஒரு மூன்றை உருவிப் போட்டாள். பேராச்சியிடம் ஒரு மூன்று இருப்பது அவளுக்குத் தெரியும். பேராச்சி முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள்; மூன்று விழுந்தது; குவியல் அந்தப் பக்கம் போனது.

ஜெயிப்பதற்குக் கள்ள ஆட்டம் ஆடுவது லேசு. ஜெயிக்காமலும் தோற்காமலும் இருக்கக் கள்ள ஆட்டம் ஆடுவதுதான் கஷ்டம். அவளுக்கு நெற்றி வியர்த்தது. பேராச்சிக்கோ ஒன்றும் விளங்கவில்லை. உருவுகிறாள், அள்ளுகிறாள், கட்டு பெருக்கிறது. திரும்பிப் பார்த்தால் இளைத்துக் கிடக்கிறது. "இது என்ன சீட்டோ, வெளங்காத சீட்டு," என்று முணுமுணுத்துக்கொண்டே இன்னும் மும்முரமாக உருவினாள்.

மணி ஆறு அடித்தது. அய்யாத்துரை எழுந்து நின்றார். "ராகு காலம் முடிஞ்சிட்டு. இனி பேசலாம்."

"இருங்க அண்ணாச்சி, முடிஞ்சிரும்."

ஆறேகால். "தங்கச்சி, பிள்ளையப் பாக்க வேண்டாமா?"

"பாப்போம் பாப்போம். பிள்ளை எங்க ஓடிப் போவுது. ராணி போடு தாயி."

ஆறு இருபத்தைந்துக்கு அய்யாத்துரைக்குத் தாங்கவில்லை. மனைவிக்குச் சைகை காட்டினார். ஆறுமுகத்தாய் திரையை ஒதுக்கினாள். குவியலை அப்போதுதான் அள்ளி முடித்திருந்த செண்பகவல்லி, வலது கையில் கேசரித் தட்டும் இடது கையில் சீட்டுக்கட்டுமாக எழுந்து நின்றாள். தட்டை வைத்துக் கும்பிட்டபோதும் கட்டை விடவில்லை.

பேராச்சி தன் சீட்டை மடியில் அமுக்கிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு கையைப் பார்த்தாள்.

"எத்தன இருக்கு?"

"இருபத்தாறு அத்தை."

பேராச்சி தன்னுடையதை எண்ணினாள். மறுபடி எண்ணினாள். "எங்கிட்டயும் இருபத்தாறு. ஒரு மணி நேரமா ஆடி, தொடங்குன எடத்துலயே நிக்கோமே."

"அப்ப சமம்," என்றார் அய்யாத்துரை நம்பிக்கையோடு. "சமம்னு முடிச்சிக்கிடலாம்."

"இதுல சமம்னு ஒண்ணு கெடையாது அண்ணாச்சி. ஒண்ணு சாவ்கார், இல்ல பிகாரி." சொல்லிவிட்டு, இடது கையில் சீட்டோடு வலது கையால் குங்குமத்தை எடுத்துச் செண்பகவல்லியின் நெற்றியில் வைத்தாள். "பிள்ளை எனக்குப் புடிச்சிருக்கு. கார்த்திகையில வச்சிக்கிடலாம். ஏலே, ஒனக்கு?"

இசக்கிப்பாண்டி தலையை ஆட்டினான். காது வரை சிவந்திருந்தது.

"அப்ப தரகர் சொன்னாப்புல, கல்யாணம் முடிஞ்சு பிள்ளை ஊர்ல..." என்று அய்யாத்துரை தொடங்கினார்.

"ஊர்லதான். எங்கூட." பேராச்சி சொல்லிக்கொண்டே கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள். பேச்சு நின்றது. "நான் புதங்கிழம ரயில் ஏறணுமே. இத எப்ப முடிக்க? மதினி, இப்பவே இன்னொரு அர மணி நேரம்..."

"ஏழு மணிக்கு மேல மாடி பஸ் கெடையாதும்மா," என்றான் இசக்கிப்பாண்டி.

செண்பகவல்லி சட்டென்று அவனைப் பார்த்தாள். மாடி பஸ் ராத்திரி பத்து மணி வரைக்கும் உண்டு. தாராவியில் பிறந்தவளுக்கு அது தெரியாதா? அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள்: "அடுத்த ஞாயித்துக்கிழம வாங்க அத்தை. எம் பங்க நான் கலையாம அப்படியே கட்டி வைக்கேன்."

"புதங்கிழம ரயிலு தாயி."

"பாதி ஆட்டத்த விட்டுட்டு ரயில் ஏறலாமா அத்தை? ரெண்டு ராத்திரிப் பிரயாணம். தண்டவாளம், பாலம், எல்லாம் இருக்கு."

பேராச்சி யோசித்தாள். பாலத்தின் நடுவில் ரயில் பாதியில் நிற்பது அவள் கண்ணில் தெரிந்திருக்க வேண்டும். "ஏறக்கூடாது," என்றாள். "ஏலே, டிக்கெட்ட மாத்து."

"எந்தத் தேதிக்கு?"

"முடியற தேதிக்கு." மறுபடி யோசித்தாள். "வாரத்துக்கு ஒரு நா வந்து ஆடுனா இது நடக்கற காரியமில்ல. இன்னைக்கே ஒரு மணி நேரத்துல ஒரு சீட்டு முன்னப்பின்ன நகரல. ஒரே வீட்டுல இருந்து தெனம் மத்தியானம் ஆடுனாத்தான் முடியும். நீ ஒரு ரூம் பாரு. கார்த்திகைக்குள்ள பாத்துரு."

"அந்த ரூம்ல நாலு பேர் இருக்கோமேம்மா."

"அதத்தான வேற பாருன்னு சொல்லுதேன். பொஞ்சாதி வாரா, அம்மா இருக்கா. வீடு பாக்காம கோயில் மண்டபத்துலயா இருப்பிய?"

அய்யாத்துரைக்குத் தலை சுற்றியது. "அப்ப பிள்ளை ஊருக்கு வர்றது?"

"ஊரு எங்க அண்ணாச்சி போவுது? ஆட்டம் முடியட்டும். அது முடியற வரைக்கும் இவளும் இங்கதான், நானும் இங்கதான்."

முதல் பாதி காதில் விழுந்ததும் செண்பகவல்லிக்குக் கேசரித் தட்டைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கலாம் போலிருந்தது. இரண்டாம் பாதி உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஒற்றை அறை. புருஷன், மாமியார், தினம் மத்தியானம் சீட்டு. அவள் தலை இன்னும் கொஞ்சம் குனிந்தது. அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டு ஆறுமுகத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கேசரி தீர்ந்தது. வெற்றிலை மாற்றியாயிற்று. பேராச்சி தன் இருபத்தாறுக்கு ரப்பர் பேண்டு போட்டுப் பைக்குள் வைத்தாள். வாசலில் நின்று ஆறுமுகத்தாய்க்குக் கசாயத்தில் சுக்கு எவ்வளவு, மிளகு எவ்வளவு என்று விளக்க ஆரம்பித்தாள். அய்யாத்துரை வழிகாட்டுவதற்காகச் சந்து முனைக்குப் போனார். குடையை எடுக்கக் குனிந்த இசக்கிப்பாண்டி, கதவோரம் நின்ற செண்பகவல்லியிடம் முதல் தடவையாகப் பேசினான்.

"அந்தச் சேலை சொவரு வரைக்கும் எட்டல. நான் இருந்த எடத்துலருந்து ஒரு சாண் சந்து தெரிஞ்சுது."

அவள் சீட்டுக்கட்டை முந்தானைக்குள் மறைத்தாள். "எவ்வளவு நேரமா?"

"மொதல்லருந்தே. எங்கம்மா அடியில உருவறது ஜெயிக்கறதுக்கு. மூணு வாரமாப் பாத்துட்டுத்தான் இருக்கேன். நீ உருவுனதுதான் எனக்குப் பிடிபடல. குலாம் மேல போடக் கையில குலாம் இருக்கு, அத விட்டுட்டு மூணப் போடுத."

"பொறவு எப்பப் பிடிபட்டுச்சு?"

"முடிய விடலன்னு மட்டும் தெரிஞ்சுது, அதான் பஸ் இல்லன்னேன். ஏன்னு பிடிபட்டது, பாலம்னு சொன்னியே, அப்ப."

"அத்தைகிட்டச் சொல்லப் போறீயளா?"

"சொன்னா சீட்ட மூட்ட கட்டிருவா. மூட்ட கட்டுனா ஒன்னயும் சேத்துக் கட்டிருவா." குடையை உதறினான். "எத்தன நாளைக்கு இழுக்க முடியும்?"

"நீங்க ரூம் பாக்க எத்தன நாளாவும்?"

"ரெண்டு மாசம்னு வச்சிக்கோ."

செண்பகவல்லி கையிலிருந்த கட்டை விரலால் ஒரு தடவு தடவினாள். இருபத்தாறு சரியாக இருந்தது.

"அப்ப நான் ஆறு மாசத்துக்கு இழுக்கேன். இந்த ஊர்ல சொன்ன தேதிக்கு ரூம் கெடச்சவுக யாரையும் நான் பாத்ததில்ல," என்றாள்.